2055ல் ஒருவர் நம் கொங்கு நாட்டுப் படங்களைப் பார்த்தால் எதைப் பார்ப்பார்?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கங்க. ‘தி ஏஜ் ஆஃப் ஸ்டூப்பிட்’ படத்தைப் பற்றி இங்கே யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

2009ல் வந்த பிரிட்டிஷ் படம், இயக்கம் ஃபிரானி ஆம்ஸ்ட்ராங். கதை நடப்பது 2055ல். பருவநிலை கெட்டு உலகமே பாழாகிக் கிடக்கிறது. லண்டன் வெள்ளத்தில், சிட்னி தீயில், லாஸ் வேகாஸ் மணலுக்கு அடியில். பனி உருகிப்போன ஆர்க்டிக்கில் ஒரு பெரிய கோபுரம். மனிதர்கள் வரைந்தது, எழுதியது, படம் பிடித்தது எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. ஒரே ஒரு முதியவர் காவலுக்கு இருக்கிறார். அந்தப் பாத்திரத்தில் பீட் பாசில்த்வெயிட். கண்ணாடித் திரையைத் தொட்டுத் தொட்டு நம் காலத்துப் படத்துண்டுகளை எடுத்துப் பார்க்கிறார். தப்பிக்க வழி இருந்தபோது இவர்கள் ஏன் தப்பிக்கவில்லை? அவருடைய கேள்வி அவ்வளவுதான்.

அந்த முதியவரும் அவருடைய 2055உம்தான் கற்பனை. அவர் பின்தொடர்கிற ஆட்கள் எல்லாம் நிஜ மனிதர்கள். ஆல்ப்ஸில் பனியாறு தாழத் தாழ ஏணிகளில் இறங்கிப் போகிற 82 வயது வழிகாட்டி. எண்ணெய் வளத்துக்கு நடுவே வறுமையில் இருந்துகொண்டு டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் நைஜீரியப் பெண். 2005 கத்ரீனா புயலில் தன் படகில் போய் அக்கம்பக்கத்தாரைக் காப்பாற்றிய நியூ ஆர்லியன்ஸ்காரர். அவருக்குச் சோறு போட்டதே எண்ணெய் நிறுவன வேலைதான். இங்கிலாந்தில் காற்றாலை வைக்கப் போய் ஊரார் எதிர்ப்பில் தோற்றவர். போரால் ஈராக்கை விட்டு ஜோர்டானுக்குப் போன இரண்டு குழந்தைகள். அப்புறம் நம் நாட்டில் குறைந்த கட்டண விமான நிறுவனம் தொடங்கிய ஜே வாடியா.

என்னை உலுக்கியது வாடியா வரும் பகுதி. அவர் கெட்டவர் இல்லை. சாதாரண ஜனங்களும் விமானத்தில் ஏற வேண்டும் என்று மனசாரச் சொல்கிறார். அதையே 2055ல் உட்கார்ந்துகொண்டு பார்க்கும்போதுதான் வயிறு கலங்குகிறது.

அந்த முதியவர் திரையில் நம் கொங்கு நாட்டைத் தொட்டால் எந்தத் துண்டு வரும்? என் பதில்: ராத்திரியில் ஒரு விவசாயக் காட்டில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டுக்கொண்டிருக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி. சுற்றிலும் வெள்ளைப் புழுதி. குடும்பமே வரப்பில் நின்று குழாயையே பார்க்கிறது. தண்ணீர் வந்தால் கடன் தீரும். வராவிட்டால் இன்னும் நூறு அடி.

நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

செங்கோட்டு ரிக்

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. எங்களுடையது ரிக் குடும்பம். எங்கள் ஊர் வண்டிகள் வடக்கே எல்லா மாநிலத்துக்கும் போகிறது, ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது. பையன்கள் மாதக்கணக்கில் வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, வண்டிக்கு அடியிலேயே தூங்கி வேலை செய்கிறார்கள். பெண்கள் மைல் கணக்கில் நடந்து குடிதண்ணீர் கொண்டுவந்த ஊரில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். எங்கள் பையன்களுக்கு அங்கே மாலை போட்டார்கள். அதையும் உங்கள் முதியவர் பார்க்கட்டும்.

தொழில் தெரிந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நம் பக்கம் மேல்மண் முடிகிற வரைதான் கேசிங் குழாய் இறங்கும். அதற்குக் கீழே முழுக்கப் பாறை. பாறையில் இருக்கிற வெடிப்பில் நிற்பதுதான் தண்ணீர். ஆழம் போகப் போக வெடிப்பு குறைந்துகொண்டே வரும். இதைக் காட்டுக்காரரிடம் சொன்னால், “பக்கத்துக் காட்டில் ஆயிரம் அடியில் வந்திருக்கு, நீ ராடு இறக்கு” என்பார். அவர் பாடும் பாவம்தான். நாங்கள் மாட்டோம் என்று திரும்பினால் மறுநாள் வேறு வண்டி வரும்.

கோவைக்காரி

வேளாண்மை படிக்கிறேன். இரண்டு விஷயத்தில் எனக்கு மறுப்பு இருக்கிறது.

முதலாவது, நிலத்தடி நீர் வற்றுவதையும் பருவநிலை மாற்றத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு ஒரு துளிகூட கூடாமல் இருந்திருந்தாலும் நம் போர்கள் வற்றித்தான் இருக்கும். பெய்வது ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையை மறித்துக்கொள்கிறது. இந்த மண்ணில் கரும்பும் மஞ்சளும் வாழையும் போட்டு, ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் யாருடைய புகையும் தேவையில்லாமலே வற்றும்.

இரண்டாவது, படத்தின் மேல் எனக்குக் கோபம். மனித இனம் மொத்தத்தையும் ஒரே கூண்டில் ஏற்றுகிறது. அமெரிக்காவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கார்பன் டை ஆக்சைடு. நம் நாட்டில் ஆளுக்கு 2 டன் அளவுதான். இருநூறு வருஷம் நிலக்கரி எரித்துப் பணக்காரர் ஆன நாட்டில் உட்கார்ந்துகொண்டு, முதன்முதலாக விமானம் ஏறப்போகிற இந்தியரைக் கேமராவில் காட்டி வருத்தப்படுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. வாடியாவின் அந்த நிறுவனமும் 2023 மே மாதம் பறப்பதை நிறுத்திவிட்டது. உலகம் ஒன்றும் அதனால் குளிர்ந்துவிடவில்லை.

நொய்யல்கரை

தங்கச்சி சொல்கிற டன் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் படம் அந்த அநியாயத்தை மறைக்கவில்லை. நைஜீரியப் பெண்ணையும் ஈராக் குழந்தைகளையும் எதற்காகக் காட்டுகிறார்கள்? எண்ணெயை எரிப்பவர் ஒருவர், அதற்காகச் சாகிறவர் வேறொருவர் என்று காட்டத்தான். முழுக்கப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோவைக்காரி

முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன் அண்ணா. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் போதுமா? தீர்ப்பு எல்லோருக்கும் ஒன்றாகத்தானே வருகிறது.

பெருந்துறை வாத்தியார்

ரிக் தம்பி வருத்தப்படத் தேவையில்லை. இவர் கேட்ட கேள்விக்குள் உங்கள் வண்டியைவிடப் பழைய விஷயம் ஒன்று இருக்கிறது.

1930களில் நீலகிரிப் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. மோட்டாரும் பம்பும் கோவையிலேயே செய்யத் தொடங்கினார்கள். அதுவரை ஏற்றத்தில் ஆளும் கவலையில் மாடும் இறைத்த அளவுதான் கிணற்றுக்குச் செலவு. மோட்டார் வந்ததும் அந்த அளவு போய்விட்டது. மானாவாரிச் சோளமும் கம்பும் விளைந்த காடுகள் தோட்டமாயின. அந்தத் தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் மின்கட்டணப் போராட்டம். 1970ல் பெருமாநல்லூரில் கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகளைச் சுட்டார்கள், உயிர் போயிற்று. 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைத் தெருக்களில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1990ல் தமிழ்நாட்டு விவசாயிக்கு இலவச மின்சாரம் வந்தது. ஒருவரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ரத்தம் சிந்தி வாங்கிய உரிமை.

இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேல் பம்ப்செட்டுகள் அந்த மின்சாரத்தில் ஓடுகின்றன. அதை ஓட்டுகிற மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரே சுவிட்சைப் போட்டால் கீழே நீர் இறங்குகிறது, மேலே புகை ஏறுகிறது. கோவைக்காரி இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். அறிவியலில் பிரிக்கலாம். ஒரு கொங்கு விவசாயியின் தோட்டத்தில் பிரிக்க முடியாது.

படத்தை நான் ஒப்புக்கொள்வது இந்த இடத்தில்தான். அதில் வில்லன் இல்லை. வாடியாவுக்கு அவர் காரணம், நியூ ஆர்லியன்ஸ்காரருக்கு அவர் காரணம். நம்மை வறளவைப்பதும் நாம் போராடி வாங்கிய நல்ல விஷயங்கள்தான். அதனால்தான் கைவிட முடியவில்லை. கொள்ளையடித்த சொத்தாக இருந்தால் திருப்பிக் கொடுப்பது சுலபம். அப்பன் உயிரைக் கொடுத்து வாங்கியதை எப்படி விடுவது? எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பொள்ளாச்சித் தென்னை

இலவச மின்சாரத்தில் கை வைக்கும் பேச்சை யார் எடுத்தாலும் நான் எதிர்ப்பேன். வாத்தியார் ஐயா உட்பட. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உடுமலைக் காத்தாடி

காற்றாலையில் வேலை செய்கிறேன். படத்தில் எனக்குப் பிடிபட்டது அந்த இங்கிலாந்துக் காற்றாலைப் பகுதி. அழகு கெட்டுவிடும், சத்தம் வரும் என்று ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள். திட்டம் தோற்றதும் ஓர் அம்மா சந்தோஷப்படுகிறார். புவி வெப்பமாவதைப் பற்றிக் கேட்டால் அவருக்கும் அக்கறை இருக்கிறது! பார்க்கவே ஆற்றாமையாக இருந்தது.

நம் பக்கம் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று நேராக உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் பாய்கிறது. வைகாசியில் ஏறி ஆடியில் உச்சத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, அதில் நம் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. மில்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் சொந்தமாகக் காத்தாடி வைத்திருக்கிறார்கள். அழகு போச்சு என்று நம் ஊரில் யாரும் நீதிமன்றம் போகவில்லை. வானம் பார்த்த காட்டில் ஒரு வருமானம் வந்ததே என்றுதான் பார்த்தார்கள். முதியவர் இந்தத் துண்டையும் பார்க்க வேண்டும்.

ஆனால் உயர்மின் கோபுரம் என்று வந்தபோது கதை மாறியது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை, 6,000 மெகாவாட் கொண்டுவர. கோபுரம் நம் ஆட்களின் தோட்டத்துக்குள் இறங்கியது. ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் மாவட்டங்களில் பட்டினிப் போராட்டம் வரை போனது. வெளியூர் நண்பர்கள் என்னிடம், “பாருங்கள், உங்கள் ஆட்களும் அந்த இங்கிலாந்துக்காரர்கள் மாதிரிதான்” என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜன்னல் காட்சி கெடுவதும், கம்பிக்குக் கீழே தென்னை வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது என்று நிலத்தின் விலை விழுவதும் ஒன்றா? புகளூரிலிருந்து திருச்சூர் போகிற தொடர்ச்சியில் கேரளத்துக்குள் ஒரு பகுதியைப் பூமிக்கடியில் கேபிளாகவே போட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்றுதான் நம் ஆட்கள் கேட்டார்கள்.

அதே சமயம், அந்தப் பாதையில் மின்சாரம் இரண்டு பக்கமும் போகும். இன்று நிலக்கரி மின்சாரம் தெற்கே வந்தாலும், ஆடிக் காற்றில் நம் காத்தாடி மின்சாரம் வடக்கே போக அதுவே வழி. கம்பி இல்லாமல் காற்று மின்சாரம் இல்லை. இதைப் போராட்டத்தில் இருந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

பொள்ளாச்சித் தென்னை

காத்தாடித் தம்பி, என் நிலத்தில் கோபுரம் வரவில்லை, அதனால் அதைப் பற்றி நான் பேசக் கூடாது. தென்னையைப் பற்றிச் சொல்கிறேன்.

2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அந்த வருஷம் எங்கள் பக்கம் காய்க்கிற மரங்கள் கொண்டை சரிந்து நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கி மரத்துக்கு ஊற்றினோம். ஒரு தென்னை காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் ஆகும், சாக ஒரு கோடை போதும். அதே 2016ல்தான் சுருள் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்பட்டது. வெயிலும் வறட்சியும் கூடினால் ஈயும் கூடுகிறது, நல்ல மழை அடித்தால் குறைகிறது. ஓலை முழுக்கக் கரி பூசினது போல ஆகிவிடும். அது போதாதென்று வாடல் நோய்.

பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தை நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். முறை இல்லாத காலத்தில் எங்களுக்குப் போர்தான் துணை. அதனால்தான் மின்சாரப் பேச்சு எடுத்ததும் கோபம் வந்தது. படத்தில் லண்டன் மூழ்குவதைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அது சினிமா. ஏணிக்குக் கீழே பனியாறு இறங்கிப்போனதை அந்தப் பெரியவர் கையைக் காட்டிச் சொல்கிறாரே, அதற்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தாத்தா கிணற்றில் படிக்கட்டைக் காட்டி, “இது வரைக்கும் தண்ணி நின்னுது” என்று அப்படித்தான் சொல்வார்.

ஒரத்துப்பாளையத்தான்

நொய்யல்கரை அண்ணன் கேட்டதற்கு என் பதில் எங்கள் ஊர் அணை. 1990களின் தொடக்கத்தில் நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, பாசனத்துக்கு என்று கட்டிய அணையைத் திறக்காதே என்று கீழே இருந்த விவசாயிகளே போராடும்படி ஆயிற்று. அணைநீரால் காடு உப்பாகிப்போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

ஆனால் நான் எழுத வந்தது 2011 ஜனவரியைப் பற்றி. சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே முடிந்தது என்றார்கள். முடியவில்லை. கழிவை ஆற்றில் ஒரு சொட்டும் விடாமல் சுத்திகரித்து அதே தண்ணீரைத் திரும்ப எடுக்கும் முறைக்கு மாறினார்கள். பனியன் தொழில் இன்றும் நடக்கிறது. தப்பிக்கவே முடியாது என்று எல்லோரும் சொன்ன ஓர் இடத்தில், கட்டாயம் வந்ததும் வழி பிறந்தது. முதியவரின் கேள்விக்கு இது பாதி பதில் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதியும் சொல்ல வேண்டும். அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களில்தான் இப்போது வேலை பார்க்கிறேன். கடைசியில் மிஞ்சுகிற உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். அதற்குப் பாய்லர், பாய்லருக்கு விறகு, பம்புகளுக்கு மின்சாரம். ஆறு தப்பித்தது, காற்றில் புகை கூடியது. பிரித்தெடுத்த கலவை உப்பு மூட்டை மூட்டையாக இன்னும் குவிந்திருக்கிறது. சட்டையை வாங்கிப் போடுகிற ஐரோப்பாக்காரர் இந்தச் செலவில் பங்கு தருவதில்லை, பீஸுக்கு இன்னும் விலை குறைக்கத்தான் சொல்கிறார். கோவைக்காரியின் கோபம் இங்கே முழுக்க நியாயம்.

கோவைக்காரி

நன்றி அண்ணா. வாத்தியார் ஐயா சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். நீர் குறைவதற்குக் காரணம் வேறு, வெப்பம் ஏறுவதற்குக் காரணம் வேறு என்பதில் மாற்றமில்லை. ஆனால் வெப்பம் ஏற ஏற ஒரே பயிருக்கு அதிகத் தண்ணீர் கேட்கும். மழைநாள் குறைந்து, பெய்தால் கொட்டித் தீர்க்கும். கொட்டுகிற மழை ஓடிவிடும், ஊறாது. ஏற்கெனவே காலியான கிணற்றின் மேல் இது வந்து விழுகிறது என்பதுதான் நம் நிலைமை. படம் வந்தபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 387 பங்கு அளவில் இருந்தது. 2024ல் 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஒன்றரை டிகிரி கூடிய முதல் ஆண்டும் அதுதான்.

உடுமலைக் காத்தாடி

படத்தில் நடித்த பாசில்த்வெயிட் பற்றி ஒன்று. இங்கிலாந்தின் கிங்ஸ்நார்த்தில் புது நிலக்கரி மின்நிலையம் கட்ட அனுமதித்தால் அரசு தனக்குக் கொடுத்த பட்டத்தைத் திருப்பித் தருவேன் என்று படத்தின் முதல் திரையிடலிலேயே அறிவித்தார். அந்த நிலையம் கடைசிவரை கட்டப்படவில்லை. அவர் 2011ல் இறந்துவிட்டார். சினிமாவால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காக எழுதினேன்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றிங்க. ரிக் தம்பி, உங்கள் தொழிலைக் குறை சொல்ல அதை எழுதவில்லை. வாடியாவை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படித்தான் அந்த வண்டியையும் பார்க்கிறேன். நல்லது செய்யப் போனவர்கள்.

வாத்தியார் கேட்டாரே, கைவிட முடியாததை எப்படி விடுவது என்று. விடுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால், பங்கு பிரிக்க நமக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் ஒன்றாக இரண்டு லட்சம் ஏக்கர். ஒரு போகம் பாதி ஆயக்கட்டுக்கு நெல், அடுத்த போகம் மறுபாதிக்குப் புன்செய் என்று முறை மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவார்கள். பல தலைமுறையாக அதை ஏற்று வாழ்கிறோம். அந்த வாய்க்காலுக்கே கான்கிரீட் போட அரசு வந்ததும் என்ன நடந்தது? கடைமடைக்காரர்கள் போடு என்றார்கள், கசிவுநீரில் கிணறு ஊறுகிறவர்கள் போடாதே என்றார்கள். இரண்டு பேரும் சொந்தக்காரர்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மை.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு அவிநாசித் திட்டம் தொடங்கியது. பவானி உபரிநீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேயிருந்து ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிறார்கள். மக்கள் அறுபது வருஷமாகக் கேட்டது. எங்கள் பக்கம் குளம் நிறைந்ததைப் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குளத்தைச் சுற்றி எத்தனை புதுப் போர் போடப்போகிறோம் என்பதை ஊர் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை என்றால் அந்தத் தண்ணீரும் போய்விடும். இதைச் சட்டம் போட்டு மட்டும் நிறுத்த முடியாது. ஊர்க்கூட்டத்தில் கணக்கு வைத்துப் பேச வேண்டும். கணக்கு நம்மிடம் இல்லை.

பெருந்துறை வாத்தியார்

கணக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். ரிக் தம்பி, போர் போட்டதும் பில் எழுதுவீர்களே, அதில் ஊர், தேதி, எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி எல்லாம் இருக்கும்தானே? பழைய பில் புத்தகங்களை வைத்திருக்கிறீர்களா?

செங்கோட்டு ரிக்

இருக்குங்க ஐயா. அப்பா காலத்துப் புத்தகம் எல்லாம் ஷெட்டில் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. தண்ணீர் எத்தனையாவது அடியில் தட்டியது என்று டிரில்லர் ஓரத்தில் குறித்துவைப்பதும் உண்டு. உள்ளூரில் போட்டதும் வடக்கே போட்டதும் தனித்தனிப் புத்தகம். எங்களிடம் மட்டும் இல்லை, தெருவில் பாதி வீட்டில் இருக்கும்.

பெருந்துறை வாத்தியார்

அதுதான் நம் ஆர்க்டிக் கோபுரம். ஊர் வாரியாக, வருஷ வாரியாகப் பதிந்துவிட்டால் எந்த ஊர்க்கூட்டத்திலும் எடுத்து வைக்கலாம். என்னிடம் படித்த பிள்ளைகள் கணினியில் ஏற்றித் தருவார்கள். காட்டுக்காரர் பெயரை மட்டும் எடுத்துவிடலாம், யாருக்கும் சங்கடம் வேண்டாம்.

கோவைக்காரி

நான் வருகிறேன். ஒவ்வோர் ஊரின் மழை அளவையும் பக்கத்திலேயே போட்டால் எந்த வருஷம் மழை இருந்தும் ஆழம் கூடியது, எந்த வருஷம் மழை இல்லாமல் கூடியது என்று பிரித்துப் பார்க்கலாம். ஐயாவோடு எனக்கு இருக்கிற வழக்கும் அதில் தீரும்.

செங்கோட்டு ரிக்

மழைக்காலத்தில் வண்டிகள் ஷெட்டுக்குத் திரும்பும், பையன்களும் ஊரில் இருப்பார்கள். அப்போது வாருங்கள். அந்தப் படத்தையும் எடுத்துவாருங்கள், யாராவது பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. படம் முடிந்ததும் முதலில் பேசுவது வண்டியில் போய் வேலை செய்கிற பையன்களாக இருக்கட்டும்.

நொய்யல்கரை

சரிங்க தம்பி. தமிழில் சொல்வது என் பொறுப்பு. புரொஜெக்டர் யாரிடமாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள். பில் புத்தகம் வைத்திருக்கிற மற்ற ரிக்காரர்களும் தயவுசெய்து ரிக் தம்பிக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.